மூன்று சாக் கட்டிகளும் ஒரு முகமும்: பரோக் காலத்துக் கோட்டோவியங்கள்

கடந்த தவணையில் படிவம் நான்கு மாணவி ஒருத்தி ஆசிரியர் அறைக்கு ஒரு படத்தோடு வந்தாள். காட்சிக்கலைப் பாடத்திற்காகத் தன் பாட்டியின் முகத்தை வரைந்திருந்தாள். பாட்டியின் ஐ.சி. படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கி, தாளில் கட்டம் போட்டு, ஒரு வாரம் உட்கார்ந்து பென்சிலால் வரைந்த படம். மூக்கு, காது, நெற்றிச் சுருக்கம் எல்லாமே அளவு தப்பாமல் இருந்தன.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு டீச்சர். ஆனா பாட்டி மாதிரி இல்ல," என்றாள்.

நான் தமிழாசிரியை. ஓவியத்தில் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு எனக்குக் கைப்பழக்கம் கிடையாது. ஆனாலும் அந்தப் புகார் எனக்குப் பழக்கமான புகார்தான். கட்டுரை திருத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் அதையே நான் சிவப்புப் பேனாவில் எழுதுகிறேன். 'வட்ட முகம், கூரிய மூக்கு, அடர்ந்த கூந்தல், மாநிறம்' என்று மாணவர்கள் பட்டியல் போடுவார்கள். எல்லாம் சரியாக இருக்கும், ஆள் மட்டும் இருக்கமாட்டார். அதுவும் ஐ.சி. படம்தான்.

இந்தக் கேள்வியை ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன்பே ரோமிலும் ஆண்ட்வெர்ப்பிலும் சிலர் மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு முகத்தை அளவு பிசகாமல் வரைந்தாலும் அது ஏன் அந்த ஆளாக இருப்பதில்லை? அவர்கள் இதற்குப் பதில் தேடிய கருவி, நமக்கு மிகவும் பழக்கமான பெயர் கொண்டது. சாக்!

எந்த சாக்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 'சாக்' என்றதும் நமக்குக் கரும்பலகையும் வெண்கட்டியும்தான் நினைவுக்கு வரும். நாம் வகுப்பில் பயன்படுத்தும் வெண்கட்டி, ஜிப்சத்தையோ சுண்ணாம்புத் தூளையோ அச்சில் வார்த்துச் செய்வது. பரோக் ஓவியர்கள் பயன்படுத்தியது அதுவன்று. அவர்களுடைய சாக், மண்ணிலிருந்து வெட்டியெடுத்த மென்மையான கல். கட்டியாக வெட்டி, பின்பு மெல்லிய குச்சிகளாக அறுத்து, பித்தளைப் பிடி ஒன்றில் செருகிக்கொண்டு வரைவார்கள்.

அது மூன்று நிறங்களில் கிடைத்தது. கருப்பு சாக் என்பது கரிமம் கலந்த மென்பாறை. சிவப்பு சாக் என்பது இரும்பு ஆக்சைடு கலந்த களிமண் கல். அதன் நிறம் உங்களுக்குப் புதிதன்று. மார்கழியிலும் பொங்கலிலும் கோலத்தைச் சுற்றிக் காவி பூசுகிறோமே, அந்தக் காவியும் இரும்பு ஆக்சைடு மண்தான். வெள்ளை சாக், சுண்ணாம்புக் கல் வகை அல்லது மாக்கல் வகை. ('சிவப்பு வெண்கட்டி' என்று பயிற்சித் தாளில் எழுதிய மாணவர்கள் எனக்கு உண்டு. அதனால்தான் இந்தக் கட்டுரை முழுவதும் 'சாக்' என்றே எழுதுகிறேன். தமிழ்ப்பற்று குறைந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம்.)

வேறு மூன்று பொருள்களோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கரித்துண்டு என்பது எரித்த மரக்குச்சி, ஊதினாலே பறந்துவிடும். பென்சிலில் இருப்பது கிராஃபைட். பாஸ்டல் என்பது நிறத்தூளைப் பசையோடு பிசைந்து மனிதன் உருட்டிச் செய்வது. அதில் நூறு நிறம் வேண்டுமானாலும் கிடைக்கும். இயற்கை சாக்கில் பூமி கொடுத்த நிறங்கள் மட்டுமே உண்டு.

மூன்று நிறத்தில் ஒரு முகத்தை வரைய முடியுமா? முடியும். ஏனென்றால் நான்காவது நிறம் ஒன்று இருக்கிறது. அது தாள். இந்த ஓவியர்கள் பளிச்சென்ற வெள்ளைத் தாளைவிடப் பழுப்பு, மங்கிய சாம்பல், நீலம் ஆகிய நிறத் தாள்களையே பெரும்பாலும் விரும்பினார்கள். அப்போது தாள் செய்தது பழந்துணிக் கந்தலிலிருந்து; நீலத் துணிக் கந்தலைச் சேர்த்தால் நீலத் தாள் கிடைக்கும். பழுப்புத் தாளில் வரையும்போது கன்னத்தின் நடுப்பகுதியை வரையவே தேவையில்லை, தாளே கன்னமாக நிற்கும். அதைவிட இருண்ட இடங்களான கண்மணி, மூக்குத் துவாரம், முடி, கழுத்தின் நிழல் ஆகியவற்றுக்குக் கருப்பு. இரத்தம் தோலுக்கு அருகில் ஓடும் இடங்களான உதடு, காது மடல், மூக்கு நுனி, கண்ணின் உள்மூலை ஆகியவற்றுக்குச் சிவப்பு. ஒளி விழும் நெற்றிக்கும் மூக்குத் தண்டுக்கும் வெள்ளை, அதுவும் உப்புப் போலக் கொஞ்சமாக. சிவப்பையும் கருப்பையும் விரலால் சேர்த்துத் தேய்த்தால் மென்மையான தோல் நிழல் கிடைக்கும். விரலுக்குப் பதிலாகச் சுருட்டிய தோல் துண்டையும் பயன்படுத்துவார்கள். சிவப்பு சாக்கை ஈரப்படுத்தி அழுத்தினால் கோடு இன்னும் ஆழமாகும்.

இந்த மூன்று நிற முறைக்குப் பிரெஞ்சு மொழியில் 'த்ருவா க்ரெயோன்' என்று பெயர். மூன்று சாக் என்பதுதான் பொருள். பிற்பாடு வாத்தோ (1684–1721) என்ற பிரெஞ்சு ஓவியர் இதில் பெரும்புகழ் பெற்றார். ஆனால் அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே ரூபன்ஸ் இதன் எல்லையைத் தொட்டுவிட்டார்.

சாக்கின் மிகப் பெரிய குணம் வேகம். எண்ணெய் வண்ணம் காய வேண்டும், பேனாவை மையில் தொட்டுத் தொட்டு எழுத வேண்டும். சாக்குக்கு எதுவும் வேண்டாம். கையில் எடுத்த நொடியே கோடு விழும். மெல்ல வைத்தால் மூச்சுப் போல ஒரு கோடு. அழுத்தினால் கரிய பட்டை. எதிரே இருப்பவர் சிரித்து முடிப்பதற்குள் அந்தச் சிரிப்பைப் பிடிக்க வேண்டுமானால் இதைவிட நல்ல கருவி அன்று இல்லை.

இசபெல்லா சிரிக்கிறார்

பரோக் என்பது சுமார் 1600-ஆம் ஆண்டையொட்டி ரோமில் எழுந்து, 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஐரோப்பாவில் பரவிய கலைப்போக்கு. உருண்டை தவறிய முத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அசைவு, ஒளி-நிழல் மோதல், உணர்ச்சி, பார்ப்பவரைப் படத்துக்குள் இழுப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். தேர்வுக்கு இது போதும். மேலே சொன்ன நான்கில் 'அசைவு' என்ற சொல்லை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆண்ட்வெர்ப் நகரத்து பீட்டர் பால் ரூபன்ஸ் (1577–1640), தம் மனைவி இசபெல்லா பிராண்ட்டை 1621 வாக்கில் கருப்பு, சிவப்பு, வெள்ளை சாக்குகளால் வரைந்தார். அந்தத் தாள் இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இணையத்தில் பெரிதாகவே பார்க்கலாம். பார்த்துவிட்டு இந்தப் பத்தியைப் படித்தால் இன்னும் நல்லது.

இசபெல்லா நேராக நம்மைப் பார்க்கிறார். பெரிய அழகி என்று சொல்ல முடியாத முகம். கண்கள் சற்றே சாய்ந்தவை. கன்னத்தில் குழி. உதடு மூடியிருக்கிறது, ஆனால் ஓரம் மேலே போயிருக்கிறது. ஏதோ ஒரு வேடிக்கையைக் கணவர் சொல்லிவிட்டு, 'அசையாதே' என்றும் சொன்னது போலவும், அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலவும் எனக்குத் தோன்றும். தலையும் முகமும் எவ்வளவு கவனமாக வரையப்பட்டிருக்கின்றனவோ அவ்வளவு அலட்சியமாக ஆடை விடப்பட்டிருக்கிறது. தோளுக்குக் கீழே சில கோடுகள்தாம். கண்களில் மட்டும் ரூபன்ஸ் பேனாவால் மை தொட்டிருக்கிறார். அந்தச் சில மைக்கோடுகளால்தான் பார்வை நம்மேல் வந்து நிற்கிறது.

இந்தப் படத்தில் நான் மாணவர்களிடம் காட்டுவது, எதை அவர் வரையாமல் விட்டார் என்பதைத்தான். ஆடையின் சரிகை, பின்னணி, கைகள், நாற்காலி எதுவுமே இல்லை. ரூபன்ஸுக்கு அதெல்லாம் வரையத் தெரியாதா என்ன? ஆடை நாளைக்கும் அப்படியே இருக்கும். அந்தப் பார்வை இருக்காது. எது ஓடிவிடுமோ அதற்கு முதலில் கை போனது.

அது ஓடித்தான் போயிற்று. 1623-இல் அவர்களுடைய மூத்த மகள் கிளாரா செரேனா 12 வயதில் இறந்தாள். 1626-இல் இசபெல்லாவும் இறந்தார். அவருக்கு வயது 34. நல்ல துணையை இழந்ததைப் பற்றி ரூபன்ஸ் பாரிஸில் இருந்த நண்பருக்குக் கடிதம் எழுதினார். 1630-இல் மறுமணம் செய்துகொண்டார். மணப்பெண் எலனா ஃபூர்மென்ட்டுக்கு 16 வயது, அவருக்கு 53. இசபெல்லா சிரிக்கும் அதே தாளைத் திருப்பினால், பின்பக்கத்தில் ரூபன்ஸ், எலனா, ஒரு குழந்தை ஆகியோர் அடங்கிய இன்னொரு வரைவு இருக்கிறது. நல்ல தாள் விலை கூடியது, பழைய தாளின் பின்பக்கத்தில் வரைவது ஓவியர்களின் வழக்கம். அதற்குமேல் அதில் எதையும் தேட வேண்டாம் என்றுதான் என் அறிவு சொல்கிறது. ஆனால் இதைக் கேட்ட படிவம் ஐந்து மாணவிகள் யாரும் அதை அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ளவில்லை!

ரூபன்ஸ் தம் மகன் நிக்கொலாஸையும் வரைந்திருக்கிறார். வியன்னாவின் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் உள்ள அந்தப் படத்தில் குழந்தைக்கு ஏறத்தாழ ஒரு வயது. கழுத்தில் பவழ மாலை. பவழம் குழந்தையைத் தீங்கிலிருந்து காக்கும் என்பது அன்றைய ஐரோப்பியர் நம்பிக்கை. கன்னத்திலும் உதட்டிலும் சிவப்பு சாக் எப்படி இரத்த ஓட்டமாக மாறுகிறது என்பதைப் பார்க்க இந்தப் படமே போதும். ஒரு வயதுக் குழந்தையை எவ்வளவு நேரம் உட்கார வைக்க முடியும் என்று, வீட்டில் குழந்தை உள்ளவர்களுக்குத் தெரியும்.

லியோனியின் நீலத் தாள்கள்

ரோமில் ஒத்தாவியோ லியோனி (1578–1630) என்பவர் சாக் உருவப்படத்தையே தம் முதன்மைத் தொழிலாக்கிக்கொண்டார். நீலத் தாளில் கருப்பும் வெள்ளையும், சிலவற்றில் கொஞ்சம் சிவப்பும். கர்தினால்கள், பிரபுக்கள், சக ஓவியர்கள், பெயர் தெரியாத பெண்கள் என்று நூற்றுக்கணக்கான முகங்கள். நம்மில் சிலர் மாணவர் பதிவேட்டைக் காப்பதுபோல், தம் படங்களுக்கு வரிசை எண்ணும் மாதமும் ஆண்டும் போட்டு வைத்தார். ஒரு நகரத்தின் பதிவேடு என்றே அதைச் சொல்லலாம்.

ஆளை எதிரே உட்கார வைக்காமல், ஒருமுறை பார்த்ததைக் கொண்டே வரைவதில் அவர் கெட்டிக்காரர் என்று அவர் காலத்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவருடைய மிகப் புகழ்பெற்ற படமும் நினைவிலிருந்து வந்ததுதான். ஓவியர் கரவாஜ்ஜியோவின் முகம் அது. கரவாஜ்ஜியோ இறந்தது 1610-இல். லியோனியின் படம் சுமார் 1621-ஐச் சேர்ந்தது என்கிறார்கள். அதாவது ஆள் போய்ப் பத்தாண்டுகளுக்குப் பிறகு. கலைந்த கருமுடி, உயர்ந்த புருவம், கொஞ்சம் சண்டைக்கு வரும் பார்வை. இன்று எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் கரவாஜ்ஜியோ என்றால் இந்த முகம்தான். யூரோ வருவதற்கு முன் இத்தாலியின் 100,000 லீரா தாளில் இருந்ததும் இதன் வழி வந்த முகமே. மூலப்படம் ஃபுளோரன்ஸ் நகரின் மாருசெல்லியானா நூலகத்தில் இருக்கிறது.

பெர்னினி: 'சும்மா நில்லுங்கள்' என்று சொல்லாதவர்

இப்போது என் மாணவியின் கேள்விக்கு நேரான பதிலுக்கு வருகிறேன். அதைச் சொன்னவர் ஜான் லொரென்சோ பெர்னினி (1598–1680). இவரைத் தேர்வுத்தாளில் 'ஓவியர்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். முதன்மையாகச் சிற்பி, அடுத்துக் கட்டடக் கலைஞர். ஆனால் சிற்பத்துக்கு முன்னால் அவர் கை தேடியது சாக்கைத்தான்.

பளிங்கில் முகம் செதுக்குவதில் உள்ள சிக்கலைப் பெர்னினி ஓர் எடுத்துக்காட்டோடு விளக்குவார். நமக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் தம் முடி, தாடி, புருவம், உதடு, முடிந்தால் கண்மணியையும் வெள்ளையாக்கிக்கொண்டு வந்தால் நம்மால் அடையாளம் காண முடியுமா? மயங்கி விழுந்தவரின் முகம் வெளுத்ததும், 'இது அவர்தானா' என்று நமக்கே ஐயம் வருகிறதே! பளிங்கோ முழுக்க வெள்ளை. ஆகவே நிறத்தால் வரும் அடையாளத்தை வேறு எதனாலாவது ஈடுகட்ட வேண்டும். அவர் கண்டுபிடித்த ஈடு, அசைவு.

ஒருவர் அசையாமல் நிற்கும்போது அவர் தம்மைப் போலவே இருப்பதில்லை என்பது பெர்னினியின் முடிவு. நடக்கும்போதும் பேசும்போதும்தான் ஒருவருக்கே உரிய குணங்கள் முகத்தில் வெளிப்படும். அதனால் அவர் ஆளை நாற்காலியில் கட்டிப்போடவில்லை. பேசவிட்டார், நடக்கவிட்டார், வேலையைப் பார்க்கவிட்டார். தாமும் கூடவே போய் வரைந்தார்.

1665-இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் அழைப்பில் அவர் பாரிஸுக்குப் போனார். பெர்னினிக்கு அப்போது 66 வயது, மன்னருக்கு 26. மன்னரின் மார்பளவுச் சிலையைச் செதுக்க வேண்டும். மன்னர் அமைச்சர்களோடு ஆலோசனை நடத்தும்போதும், டென்னிஸ் ஆடும்போதும் பெர்னினி ஓரமாக நின்று வரைந்தார். அவருக்குத் துணையாக அமர்த்தப்பட்ட ஷாந்தலூ என்பவர் நாள்தோறும் குறிப்பு எழுதி வைத்ததால் இவ்வளவும் நமக்குத் தெரிகிறது. வாயைச் செதுக்கச் சிறந்த தருணம் எது என்பதையும் ஷாந்தலூவிடம் பெர்னினி சொல்லியிருக்கிறார். ஒருவர் பேசி முடித்த நொடி, அல்லது பேசத் தொடங்கப்போகும் நொடி. அந்த நொடியைத்தான் பிடிக்க வேண்டும் என்றார்.

வியப்பு இனிமேல்தான். இத்தனை படங்களையும் வரைந்துவிட்டு, பளிங்கில் உளியை வைத்தபோது அவற்றை அவர் பார்க்கவில்லை. பார்த்துச் செதுக்கினால் தம்மையே நகலெடுத்ததாகிவிடும் என்றார். மன்னரை நேரில் பல முறை வரவழைத்து, உயிருள்ள முகத்தைப் பார்த்தே செதுக்கினார். அப்படியானால் அந்தக் கோட்டோவியங்கள் எதற்கு? முகத்தைத் தம் மனத்தில் ஏற்றிக்கொள்வதற்கு. நம் மாணவர்கள் குறிப்பெடுத்துவிட்டுத் தேர்வறைக்கு வெளியே குறிப்பேட்டை வைத்துவிட்டுப் போவதில்லையா, அதுபோல! இந்தச் சிலையை இப்போது வெர்சாய் அரண்மனையில் காணலாம்.

அதற்கும் முன்பே, 1632-இல், கர்தினால் சிப்பியோனே போர்கேசேயின் மார்பளவுச் சிலைக்காகப் பெர்னினி வரைந்த ஒரு படம் நியூயார்க் மோர்கன் நூலகத்தில் இருக்கிறது. பெரும்பாலும் சிவப்பு சாக், கொஞ்சம் கிராஃபைட். பக்கவாட்டு முகம். பருத்த கன்னம், இரட்டைத் தாடை, கூர்ந்து பார்க்கும் கண். ரோமின் போர்கேசே காட்சியகத்தில் உள்ள சிலையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே வாய் சற்றே திறந்து, பாதி வார்த்தையில் நிற்கிறது. மேலாடையின் ஒரு பொத்தான்கூடத் துளையில் முழுதாக நுழையாமல் இருக்கிறது. மூச்சை இழுத்துப் பேசப்போகும் பருத்த மனிதர் ஒருவரின் சட்டை அப்படித்தான் இருக்கும். முதல் பளிங்கில் நெற்றியில் விரிசல் விழுந்ததால் இதையே அவர் சில நாள்களில் மறுபடி செதுக்கினார். இரண்டு சிலைகளும் ஒரே காட்சியகத்தில் உள்ளன. கர்தினால் அடுத்த ஆண்டே காலமானார்.

சிலைக்கென்று இல்லாமல், உருவப்படத்துக்காகவே வரைந்த படங்களும் உண்டு. அதே மோர்கன் நூலகத்தில் உள்ள சிசினியோ போலி என்ற 18 வயது இளைஞனின் முகம் 1638-இல் மூன்று சாக்குகளால் வரையப்பட்டது. அவனும் நம் படிவம் ஆறு மாணவர்களும் ஏறக்குறைய ஒரே வயது. வரையும்போது அவன் எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறான் போல.

பெயரில்லாத ஒருவர்

ரூபன்ஸின் இன்னொரு படத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் கெட்டி அருங்காட்சியகத்தில் உள்ள இது, ஏறத்தாழ 1617-இல் கருப்பு சாக்கால் வரையப்பட்டது. நீண்ட அங்கி, உயர்ந்த தொப்பி அணிந்த ஆசிய மனிதர் ஒருவர் கைகளை முன்னால் சேர்த்து நிற்கிறார். உடலெங்கும் கருப்பு. முகத்தில் மட்டும் சிவப்பு சாக்கின் சிறு தொடுகைகள். பின்னால் மிக மெல்லிய கோடுகளில் ஒரு கப்பல். அருங்காட்சியகம் இதைக் கொரிய உடையில் ஒரு மனிதர் என்று குறிப்பிடுகிறது. ஐரோப்பாவுக்கு வந்துசென்ற ஒரு சீன வணிகரின் தோற்றம் இது என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள்.

நாட்டைப் பற்றியே இன்னும் சண்டை ஓயவில்லை. கர்தினாலின் பெயர், பதவி, இறந்த ஆண்டு எல்லாம் நமக்குத் தெரிகிறது, இவருடைய பெயர் தெரியவில்லை. ஆனாலும் அந்தச் சிவப்புத் தொடுகைகளைக் கவனியுங்கள். உடையை மட்டும் பதிவு செய்வதுதான் நோக்கம் என்றால் முகத்துக்குச் சிவப்பு எதற்கு? அந்த முகத்தில் இரத்தம் ஓட வேண்டும் என்று ரூபன்ஸ் நினைத்திருக்கிறார்.

தேர்வுக்குப் படிப்போர் கவனிக்க

'உருவப்படம்', 'கோட்டோவியம்' இரண்டும் ஒன்றல்ல. ஒருவருடைய தோற்றத்தைக் காட்டுவது உருவப்படம். அது எண்ணெய் வண்ணமாகவோ சிலையாகவோகூட இருக்கலாம். கோடுகளை முதன்மையாகக் கொண்டு வரைவது கோட்டோவியம். 'வரைபடம்' என்று எழுதினால் கணிதமும் புவியியலும் வந்துவிடும், தவிர்த்துவிடுங்கள். சாக் படங்கள் எல்லாமே எண்ணெய் ஓவியத்துக்கான முன்வேலை என்றும் எழுத வேண்டாம். லியோனியின் படங்களும் சிசினியோவின் படமும் தம்மளவில் முழுமையானவை.

வருணனை எழுதும்போது பெர்னினியின் நொடியை முயன்று பாருங்கள். 'என் தாத்தாவுக்கு அடர்ந்த புருவம்' என்பது ஐ.சி. படம். 'செய்தித்தாளில் பெட்ரோல் விலையைப் படித்ததும் தாத்தாவின் புருவம் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடும்' என்று எழுதினால் புருவமும் வந்துவிட்டது, தாத்தாவும் வந்துவிட்டார். ரூபன்ஸ் ஆடையை விட்டதுபோல், சொல்லாமல் விட வேண்டியதை விட்டுவிடுங்கள். சட்டையின் நிறம் யாருக்கும் தேவையில்லை. (தேவைப்படும் கட்டுரைகளும் உண்டு, காணாமற்போனவரைப் பற்றிய அறிவிப்பு மாதிரி.)

ஆசிரியர்கள் வகுப்பில் செய்து பார்க்க விரும்பினால், கலைப்பொருள் கடைகளில் கருப்பு, சிவப்பு, வெள்ளை சாக் பென்சில்கள் கிடைக்கின்றன. நாங்கள் புத்தக அட்டை போடும் பழுப்புத் தாளின் மங்கிய பக்கத்தைப் பயன்படுத்தினோம். அன்றைய ஓவியர்கள் அழிப்பதற்கு ரொட்டித் துணுக்கை வைத்துக்கொண்டார்கள். நாங்களும் முயன்றோம், பாதி ரொட்டி வயிற்றுக்குள் போய்விட்டது. சிவப்பு மட்டும் எளிதில் அழியாது. பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.

என் மாணவிக்கும் ஒரு பழுப்புத் தாளைக் கொடுத்து, ஐ.சி. படத்தை மூடி வைக்கச் சொன்னேன். "பாட்டி ஒரு இடத்துல உட்காரவே மாட்டாங்க டீச்சர்," என்றாள். உட்கார வேண்டாம் என்றேன்.

இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவந்தாள். பாட்டி நெத்திலி கிள்ளிக்கொண்டே யாரையோ திட்டும்போது வரைந்ததாம். ஒரு காது இல்லை. கழுத்து எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. இடது ஓரத்தில் அவள் கட்டைவிரல் பட்டுச் சிவப்பு இழுபட்டிருந்தது. கீழுதடு மட்டும் ஒரு பக்கமாகப் பிதுங்கி நின்றது.

"கைபட்டா அழிஞ்சிடுமே டீச்சர், எப்படிப் பத்திரமா வைக்கிறது?" என்று கேட்டாள். அந்தக் காலத்தில் பசைநீர் தெளித்து நிலைநிறுத்துவார்கள். அருங்காட்சியகங்களில் இத்தகைய தாள்களை ஒளி படாமல் பெட்டியில் வைத்து, எப்போதாவது சில மாதங்கள் மட்டும் வெளியே எடுத்துக் காட்டுகிறார்கள். இசபெல்லாவின் சிரிப்பு அப்படித்தான் 400 ஆண்டுகளைக் கடந்து வந்திருக்கிறது. கலை ஆசிரியரிடம் அதற்கான தெளிப்பான் இருக்கும், கேள் என்று அனுப்பினேன். அதுவரைக்கும் படத்தின் மேல் எண்ணெய்த் தாளை வைத்து, கனமான அகராதிக்குள் வைக்காமல் கோப்பில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.